ஒரே ஒரு நவம்பர்

அக்கா மகளுக்கு இந்த வருடம் அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. வரலாறு கிடைத்திருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவள், "மாமா, உங்க மார்க் ஷீட்டைக் காட்டுங்க, என்னென்ன பேப்பர் வரும்னு பார்த்துக்கிறேன்" என்றாள். பீரோவின் மேல்தட்டில் டி.சி., சாதிச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருக்கும் பிளாஸ்டிக் ஃபைலை எடுத்துக் கொடுத்தேன். கன்சாலிடேட்டட் மார்க் ஷீட்டை வெளியே உருவி, தாள்களின் பெயர்களைப் பார்ப்பதை விட்டுவிட்டு, தேர்ச்சி பெற்ற மாதமும் வருடமும் போட்டிருக்கும் கடைசிப் பத்தியில் விரலை வைத்து இறங்கிக்கொண்டே வந்தாள். நவம்பர் 2009, ஏப்ரல் 2010, நவம்பர் 2010, ஏப்ரல் 2011. ஒரு இடத்தில் விரல் நின்றது.

"இது என்ன மாமா, நாலாவது செமஸ்டர்ல எல்லாமே ஏப்ரல். இந்த ஐரோப்பிய வரலாறு மட்டும் ஏன் நவம்பர்?"

பதினைந்து வருடமாக இதை யாரும் கேட்டதில்லை. வேலைக்குச் சான்றிதழ் சரிபார்க்கும்போதுகூடக் கேட்கவில்லை. இவள் ஐந்து நிமிடத்தில் பிடித்துவிட்டாள். சரி, அரியர் என்று சொல்லிவிட்டேன். "ஃபெயிலா? எவ்வளவு மார்க்?" என்றாள். ஐம்பத்தொன்று என்றேன். அவளுக்குப் புரியவில்லை. நூற்றுக்கு 51 வாங்கினால் எப்படி ஃபெயில்? எனக்கும் அன்றைக்குப் புரியவில்லை, அதனால்தான் இந்தப் பதிவு. பி.ஏ. சேரப்போகிற, இப்போது சேர்ந்திருக்கிற பிள்ளைகள், முக்கியமாக வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகிறவர்கள் படித்து வையுங்கள். முதல் நாள் யாரும் சொல்லித் தர மாட்டார்கள். ரெகுலேஷன் என்று ஒரு விதித் தொகுப்பு பல்கலைக்கழக இணையதளத்தில் கிடக்கும், அதைத் திறந்து பார்த்த மாணவனை நான் கண்டதில்லை.

முதலில் அவள் கேட்ட இன்னொரு கேள்வி. "நான் ஹிஸ்டரிதானே எடுத்தேன், எதுக்கு தமிழ், இங்கிலீஷ், எகனாமிக்ஸ், சுற்றுச்சூழல் எல்லாம் போட்டிருக்காங்க?" நியாயமான கேள்வி. பன்னிரண்டாம் வகுப்பில் ஆறு பாடம், ஆறு புத்தகம். கல்லூரியில் 'வரலாறு' என்று ஒற்றைப் பெயர் போட்டு அட்மிஷன் கொடுக்கிறார்கள், உள்ளே போனால் ஐந்து பகுதிகள் இருக்கின்றன. பார்ட் 1, பார்ட் 2, பார்ட் 3, பார்ட் 4, பார்ட் 5. தமிழ்நாட்டில் எந்தப் பல்கலைக்கழகத்தின் கீழ் பி.ஏ. படித்தாலும் இந்த எலும்புக்கூடு ஏறக்குறைய ஒன்றுதான். தாள்களின் பெயரும் எண்ணிக்கையும் இடத்துக்கு இடம், வருடத்துக்கு வருடம் மாறும்.

பார்ட் 1 மொழி. பெரும்பாலானவர்களுக்குத் தமிழ். முதல் இரண்டு வருடம், நான்கு செமஸ்டர், செமஸ்டருக்கு ஒரு தாள். இதில் ஒரு வேடிக்கை, பெரும்பாலான பாடத்திட்டங்களில் தமிழ்ப் பாடம் காலத்தில் பின்னோக்கி நடக்கும். முதல் செமஸ்டரில் பாரதியார், பாரதிதாசன், புதுக்கவிதை, சிறுகதை, இரண்டாவதில் தேவாரம், திருவாசகம், ஆழ்வார் பாசுரம், சிற்றிலக்கியம், மூன்றாவதில் காப்பியங்கள், நான்காவதில் சங்க இலக்கியம். எளிதில் தொடங்கிக் கடினத்துக்குப் போகிற ஏற்பாடுதான், ஆனால் வரலாற்று மாணவனுக்கு மேல் மண்ணிலிருந்து அகழாய்வுக் குழியில் இறங்குவதுபோல இருக்கும். நான்காவது செமஸ்டரில் புறநானூறு நடத்திய ஐயா ஒருவர், ஒரு பாட்டுக்கு மூன்று வகுப்பு எடுத்துக்கொள்வார். பாடத்திட்டம் முடியவே முடியாது. ஆனால் அந்தச் செமஸ்டரில் நான் தமிழில்தான் அதிக மார்க் வாங்கினேன்.

பார்ட் 2 ஆங்கிலம். அதுவும் நான்கு செமஸ்டர். இங்கேதான் எங்கள் வகுப்பில் பாதிப் பேர் கவிழ்ந்தார்கள். உரைநடை, கவிதை, சிறுகதை, கொஞ்சம் இலக்கணம், ஒரு விண்ணப்பக் கடிதம், அவ்வளவுதான். ஆனால் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்துவிட்டு வரலாறு எடுத்தவனுக்கு ஆங்கிலத் தாளின் முதல் பக்கமே மலை. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இப்போது வேண்டாம். ஒன்று மட்டும்: மூன்றாம் வருடத்துக்கு ஆங்கில அரியரைச் சுமந்துகொண்டு போகாதீர்கள். மூன்றாம் வருடத்தில் ஆங்கில வகுப்பே கிடையாது, கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இருக்க மாட்டார், தனியாகத்தான் மல்லுக்கட்ட வேண்டும்.

பார்ட் 3 தான் நீங்கள் 'எடுத்த' பாடம். இதில் இரண்டு வகை. கோர் அல்லது மேஜர் என்று சொல்வது முதன்மைப் பாடம். வரலாறு என்றால் இந்திய வரலாறு மூன்று நான்கு துண்டாக வரும், தமிழ்நாட்டு வரலாறு வரும், இங்கிலாந்து, ஐரோப்பா, அமெரிக்கா வரும், தொல்லியல் இருக்கும். பி.ஏ. தமிழ் என்றால் இலக்கியம் பாதி, இலக்கணம் பாதி: நன்னூல், நம்பியகப்பொருள், புறப்பொருள் வெண்பாமாலை, யாப்பருங்கலக்காரிகை, தண்டியலங்காரம், அப்புறம் தொல்காப்பியம். கதை கவிதை பிடிக்கும் என்று பி.ஏ. தமிழில் சேர்ந்துவிட்டு காரிகையில் தளை தட்டி நின்ற நண்பர்கள் எனக்கு உண்டு. இன்னொன்று அல்லைடு, துணைப்பாடம். வரலாற்றுக்குப் பொருளாதாரமோ அரசியலமைப்போ வரும், ஆங்கில இலக்கியத்துக்கு இங்கிலாந்தின் சமூக வரலாறு வரும், பொருளாதாரத்துக்குப் புள்ளியியல் வரும். புள்ளியியல் வருவது தெரியாமல், கணக்கிலிருந்து தப்பிக்கத்தான் பி.ஏ. பொருளாதாரம் எடுத்தேன் என்று சொன்ன ஒருவனுக்கு நேர்ந்தது பற்றி எழுதினால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது.

துணைப்பாடத்தை யாரும் மதிப்பதில்லை. வகுப்புக்கு வேறு துறையிலிருந்து ஆசிரியர் வருவார், 'நம்ம டிபார்ட்மெண்ட் இல்லையே' என்று பின்பெஞ்சில் உட்கார்ந்து அடுத்த பாடத்தின் ரெக்கார்டு எழுதிக்கொண்டிருப்போம். ஆனால் பார்ட் 3 சதவீதம் போடும்போது கோரும் அல்லைடும் சேர்ந்துதான் வரும். பின்னால் பி.எட். சேரும்போது, எம்.ஏ. சேரும்போது கேட்பது இந்தச் சதவீதத்தைத்தான். மார்க் ஷீட்டில் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்பதைக்கூடப் பகுதிவாரியாகத்தான் போடுவார்கள்: தமிழுக்குத் தனி, ஆங்கிலத்துக்குத் தனி, பார்ட் 3-க்குத் தனி. 60 சதவீதத்துக்கு மேல் முதல் வகுப்பு, 50-லிருந்து 60-க்குள் இரண்டாம் வகுப்பு, 40-லிருந்து 50-க்குள் மூன்றாம் வகுப்பு. "நான் ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்று ஒருவர் சொன்னால் அது பார்ட் 3. ஆங்கிலத்தில் அவர் மூன்றாம் வகுப்பாக இருக்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள்.

பார்ட் 4 இருக்கிறதே, அது ஒரு மூட்டை. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழே படிக்காதவர்களுக்கு அடிப்படைத் தமிழ்; பள்ளியில் தமிழ் படித்துவிட்டு இங்கே பார்ட் 1-க்கு இந்தியோ பிரெஞ்சோ எடுத்தவர்களுக்கு சிறப்புத் தமிழ்; மற்றவர்களுக்கு வேறு துறையிலிருந்து ஒரு விருப்பப்பாடம். அப்புறம் மதிப்புக் கல்வி, திறன் மேம்பாடு, சுற்றுச்சூழல் கல்வி. சுற்றுச்சூழல் எல்லாப் பட்டப்படிப்புக்கும் கட்டாயமாக வந்ததற்குப் பின்னால் ஒரு வழக்கு இருக்கிறது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதுதான் தொடக்கம். இப்போது இவற்றோடு 2022-லிருந்து நான் முதல்வன் திட்டத்துப் பாடங்களும் சேர்ந்திருக்கின்றன.

பார்ட் 4 மார்க் வகுப்பு போடுவதற்குக் கணக்கில் வராது. அதனால் அது பாடமே இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம். என்னோடு படித்த ஒருவன் ஆறு செமஸ்டர் கோர் தாள்களும் ஒரே மூச்சில் பாஸ். புரொவிஷனல், அதாவது தற்காலிகப் பட்டச் சான்றிதழ் வாங்கப் போனால், "தம்பி, இ.வி.எஸ். பேப்பர் நிக்குதே" என்றார் அலுவலகத்தில் இருந்தவர். சுற்றுச்சூழல் தாளைத்தான் சொல்கிறார். அந்தத் தேர்வு நடந்த அன்றைக்கு அவன் ஊரில் திருவிழா. போகவில்லை. மறந்தும் போய்விட்டான். அடுத்த நவம்பர் வரை காத்திருந்து, எழுதி, ரிசல்ட் வந்து, பட்டம் கைக்கு வருவதற்குள் ஒரு வருடம். அந்த வருடம் எம்.ஏ. போச்சு. பிளாஸ்டிக்கை ஒழிப்பது எப்படி என்று ஒரு கட்டுரை எழுதாததற்கு ஒரு வருடம்!

பார்ட் 5 சுலபம். என்.எஸ்.எஸ்., என்.சி.சி., விளையாட்டு, செஞ்சிலுவை என்று ஏதாவது ஒன்றில் பெயர் கொடுத்து, போக வேண்டும். கிரெடிட் என்பது ஒவ்வொன்றையும் முடித்தால் கிடைக்கும் புள்ளி, இதற்கு ஒன்றே ஒன்று. அந்த ஒன்று இல்லாவிட்டால் 140 ஆகாது. மொத்தம் 140 கிரெடிட் சேர்ந்தால்தான் பட்டம் என்பதை இந்தத் தலைமுறைப் பிள்ளைகளுக்கு டேட்டா பேக் கணக்குபோலச் சொன்னால் புரிந்துவிடுகிறது.

சரி, தேர்வுக்கு வருவோம். என்னுடைய 51-க்கும்.

நூறு மார்க்கில் 25 இன்டர்னல், அதாவது கல்லூரியே போடுவது, 75 எக்ஸ்டர்னல், செமஸ்டர் கடைசியில் வரும் பல்கலைக்கழகத் தேர்வு. தன்னாட்சிக் கல்லூரிகளில் இந்தப் பங்கீடு மாறும், அங்கே பாடத்திட்டமும் கேள்வித்தாளும் கல்லூரியே வைத்துக்கொள்ளும், பட்டம் மட்டும் பல்கலைக்கழகம் கொடுக்கும். நான் படித்தது அப்படியில்லை, சாதாரண இணைப்புக் கல்லூரி. இன்டர்னல் 25 என்பது இரண்டு மூன்று டெஸ்ட், ஒரு அசைன்மெண்ட், ஒரு செமினார், வருகைப்பதிவு எல்லாம் சேர்ந்தது. எழுதிக் கொடுத்தால் 18-க்குக் குறையாமல் வரும். ஆசிரியரோடு சண்டை போட்டவனுக்குக்கூட 15 வரும். எனக்கு ஐரோப்பிய வரலாற்றில் 22. அந்தப் பாடம் எனக்கு உயிர்.

தேர்ச்சிக்கு 40 வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். 22 கையில் இருக்கிறது, இன்னும் 18 எடுத்தால் போதும் என்று கணக்குப் போட்டேன். என் வகுப்பில் எல்லோரும் அப்படித்தான் போட்டார்கள். தப்பு. 75-லேயே தனியாக 40 சதவீதம் எடுக்க வேண்டும். அதாவது 30. இன்டர்னல் இருபத்தைந்துக்கு இருபத்தைந்து வாங்கியிருந்தாலும் எக்ஸ்டர்னலில் 29 என்றால் ஃபெயில். 29 பிளஸ் 22, மொத்தம் 51, பக்கத்தில் 'ஆர்.ஏ.' என்று போட்டிருந்தது. ரீ அப்பியர். நான் அதை முதலில் ஏதோ கிரேடு என்று நினைத்தேன்.

எப்படி 29 வந்தது என்பதுதான் சங்கடமான பகுதி. எங்கள் கேள்வித்தாள் மூன்று பகுதி. அ பிரிவில் இரண்டு மார்க் கேள்விகள் பத்து, 20 மார்க். ஆ பிரிவில் ஐந்து மார்க் கேள்விகள் ஐந்து, 25. இ பிரிவில் பத்து மார்க் கட்டுரைகள் மூன்று, 30. மொத்தம் 75, மூன்று மணி நேரம். அன்றைக்கு அ பிரிவை வேகமாக முடித்தேன். அப்புறம், ஆ பிரிவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நேராக இ-க்குப் போனேன், ஏனென்றால் அங்கே முதல் கேள்வியே பிரெஞ்சுப் புரட்சிக்கான காரணங்களும் விளைவுகளும். அதற்காகவே காத்திருந்தவன் நான். பேனாவை எடுத்தால் நிற்கவில்லை. பதினாறாம் லூயியின் காலிக் கஜானா, மூன்று எஸ்டேட்டுகளாகப் பிரிந்த சமூகம், ரொட்டி விலை, வால்டேர், ரூசோ, 1789 ஜூன் 20 டென்னிஸ் மைதான உறுதிமொழி, ஜூலை 14 பாஸ்டில், மனித உரிமைப் பிரகடனம், கில்லட்டின், ரோபஸ்பியர் என்று அடிஷனல் ஷீட் மேல் அடிஷனல் ஷீட்டாக வாங்கி நூல் கட்டினேன். பதினோரு பக்கம். நெப்போலியன் வரை வந்துவிட்டேன், கேள்வியில் நெப்போலியனே இல்லை. ஹால் சூப்பர்வைசர் "இன்னும் அரை மணி நேரம்" என்றபோதுதான் நிமிர்ந்தேன். ஆ பிரிவில் இரண்டு கேள்வி எழுதுவதற்குள் மணி அடித்துவிட்டது.

பணம் கட்டி விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்தேன். அ பிரிவில் 13. ஆ பிரிவில் இரண்டு கேள்விக்கும் நந்நான்கு, எட்டு. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பத்துக்கு எட்டு. பதினோரு பக்கத்துக்கு எட்டு! திருத்தியவர் மேல் எனக்கு அன்றைக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. மறுமதிப்பீட்டுக்கும் போட்டேன், 'மாற்றமில்லை' என்று வந்தது. நவம்பரில் மறுபடி எழுதி 58 வாங்கினேன், எக்ஸ்டர்னலில் மட்டும். முதல் வகுப்பு கிடைப்பதற்கு அரியர் தடையில்லை, கிடைத்தது. ஆனால் பல்கலைக்கழக ராங்க் எல்லாத் தாளையும் முதல் முயற்சியிலேயே தேறியவர்களுக்குத்தான். அந்தக் கதவு மூடிவிட்டது. அது எனக்குக் கிடைத்திருக்குமா என்பது வேறு விஷயம். கிடைத்திருக்காது. இருந்தாலும் கதவு திறந்து இருப்பதும் மூடி இருப்பதும் ஒன்றில்லையே.

பிற்பாடு எம்.ஏ. முடித்து இரண்டு வருடம் கௌரவ விரிவுரையாளராக இருந்தபோது மதிப்பீட்டு முகாமுக்குப் போனேன். அங்கே போன முதல் நாளே, என் பதினோரு பக்கத்தைத் திருத்தியவரை மன்னித்துவிட்டேன். ஒரு பெரிய ஹால், வரிசையாக மேசைகள், ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு கட்டு. பெயர் இருக்கும் மேல்துண்டைக் கிழித்துவிட்டு டம்மி நம்பர் போட்டிருப்பார்கள். காலையில் ஒரு கட்டு, மதியம் ஒரு கட்டு. சிவப்பு பேனா. மின்விசிறிக் காற்றில் தாள் பறக்காமல் இருக்க டிபன் பாக்ஸை மேலே வைத்துக்கொள்வோம். ஒரு கட்டுரையை வரி விடாமல் வாசிக்க அங்கே நேரமில்லை. கண் முதலில் தேடுவது துணைத்தலைப்பை. காரணங்கள் என்று கேட்டால் அரசியல் காரணம், பொருளாதாரக் காரணம், சமூகக் காரணம் என்று தனித்தனியாக அடிக்கோடு போட்டுத் தெரிகிறதா? ஆண்டு சரியா? முடித்திருக்கிறானா, பாதியில் நிற்கிறதா? அவ்வளவுதான். பத்து மார்க் கட்டுரைக்கு நான்கு பக்கம் தாராளம். பதினோரு பக்கம் வந்தால் மனசுக்குள் ஒரு பெருமூச்சுதான் வரும், கூடுதலாக மார்க் வராது. பத்துக்கு மேல் போட பேனாவில் இடமில்லை.

ஒரு தாளின் முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. அதெல்லாம் போடக்கூடாது என்று ஹாலில் படித்துப் படித்துச் சொல்வார்கள், இருந்தாலும் கை தானாகப் போட்டுவிடும் போல. இன்னொரு தாளின் கடைசிப் பக்கத்தில் "ஐயா, இது என் மூன்றாவது முயற்சி, வீட்டில் கல்யாணம் பேசிவிட்டார்கள், தயவுசெய்து பாஸ் போடுங்கள்" என்று இருந்தது. கூட்டிப் பார்த்தேன், 33 இருந்தது. தானாகவே பாஸ். அந்தப் பெண்ணுக்கு அது தெரிந்திருந்தால் அந்த வரியை எழுதியிருக்க மாட்டாள், அதை எழுதிய நேரத்தில் இன்னொரு இரண்டு மார்க் கேள்வி எழுதியிருக்கலாம்.

ஆக அக்கா மகளிடம் சொன்னது இதுதான்: அ பிரிவுக்கு 40 நிமிடம், ஆ பிரிவில் ஒரு கேள்விக்கு 12 நிமிடம், அதற்கு ஒரு மணி, இ பிரிவில் ஒரு கட்டுரைக்கு 25 நிமிடம். கொஞ்சம் நேரம் மிஞ்சும், அதில் கேள்வி எண் சரியாகப் போட்டிருக்கிறாயா என்று பார். எந்தக் கேள்வி எவ்வளவு பிடித்தாலும் 25 நிமிடத்தில் பேனாவை எடுத்துவிட வேண்டும். பிடித்த கேள்விதான் கவிழ்க்கும், தெரியாத கேள்வி கவிழ்க்காது, அதைத்தான் நாம் சீக்கிரம் முடித்துவிடுவோமே.

வருகைப்பதிவைப் பற்றிச் சொன்னால் கொட்டாவி விடுவாள் என்று தெரிந்தே சொன்னேன். 75 சதவீதம் இருந்தால் ஹால் டிக்கெட். 65-லிருந்து 75-க்குள் என்றால் காரணம் காட்டி, கட்டணம் கட்டி, துறைத்தலைவர் முன்னால் நின்று மன்னிப்பு வாங்கினால் எழுதலாம். அதற்கும் கீழே போனால் அந்தச் செமஸ்டர் எழுத முடியாது, ரொம்பக் கீழே போனால் அந்தச் செமஸ்டரையே மறுபடி படிக்க வேண்டும். வகுப்புகளும் கிழமைக் கணக்கில் நடக்காது, டே ஆர்டர் கணக்கு. திங்கள், செவ்வாய் என்று கால அட்டவணை கிடையாது. முதல் டே ஆர்டர், இரண்டாம் டே ஆர்டர் என்று ஆறு வரை போய் மறுபடி ஒன்று. நடுவில் லீவு வந்தாலும் வரிசை தாண்டாது. முதல் மாதம் முழுக்க "இன்னிக்கு என்ன டே ஆர்டர்?" என்று கேட்டுக்கொண்டே அலைவாள், எல்லோரும் அலைந்ததுதான்.

"இவ்வளவு விதி யார் மாமா போட்டது?" என்றாள். இதற்குப் பதில் சொல்லத் தொடங்கினால் நான் நிறுத்த மாட்டேன் என்று அக்காவுக்குத் தெரியும், எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

1857-ல் கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்று இடத்திலும் பல்கலைக்கழகம் தொடங்கியபோது லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்துத்தான் தொடங்கினார்கள். அன்றைய லண்டன் மாதிரி என்றால், பல்கலைக்கழகத்தின் வேலை தேர்வு நடத்துவது, பட்டம் கொடுப்பது. பாடம் நடத்துவது கல்லூரிகளின் வேலை. சென்னைப் பல்கலைக்கழகம் பல பத்தாண்டுகள் வரை பாடமே நடத்தவில்லை, தேர்வு மட்டும்தான். நாம் இன்றைக்கும் 'யுனிவர்சிட்டி எக்ஸாம்' என்று எக்ஸ்டர்னலைத் தனியாகப் பிரித்துப் பயப்படுகிறோமே, அந்தப் பயத்துக்கு வயது 160-க்கு மேல். சென்னையின் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இரண்டே பேர்: சி.வை. தாமோதரம் பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை. இருவரும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். தாமோதரம் பிள்ளைதான் பிற்பாடு தொல்காப்பிய உரைகளையும், 1887-ல் கலித்தொகையையும் ஏட்டுச்சுவடியிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தவர். நான்காவது செமஸ்டர் பார்ட் 1 தாளில் இவள் கலித்தொகை படிக்கப்போகிறாள் என்றால் அதை முதலில் அச்சடித்தவர் அதே பி.ஏ.வின் முதல் ஹால் டிக்கெட்காரர் என்பது எனக்கு ஒரு சந்தோஷம். அவளுக்கு அவ்வளவாக இல்லை.

பிறகு பி.ஏ.வுக்கு முன்படியாக எஃப்.ஏ. என்ற படிப்பு இருந்தது, இன்டர்மீடியட் வந்தது, அப்புறம் பி.யூ.சி. வந்தது, 1978-ல் பிளஸ் டூ வந்து பி.யூ.சி. போனது. அந்தக் காலத்தில் பெயர்ப்பலகையில் 'பி.ஏ. ஃபெயில்' என்றுகூடப் போட்டுக்கொண்டதாகப் பெரியவர்கள் சொல்வார்கள். ஃபெயிலானதற்கே மரியாதை! என் நவம்பர் அந்தக் காலத்தில் வந்திருக்கலாம்.

இன்னொன்று, சேரும் முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது, நான் சேர்ந்த பிறகு தெரிந்துகொண்டது. எந்தப் பாடம் எடுக்கிறோம் என்பது வேலையில் வந்து கை வைக்கும். குரூப் 2, குரூப் 1 தேர்வுகளுக்குப் பொதுவாக ஒரு டிகிரி இருந்தால் போதும், எந்தப் பாடமானாலும் சரி. ஆனால் பள்ளி ஆசிரியராகப் போக நினைத்தால் பி.ஏ.வில் எது மேஜரோ அதில்தான் பி.எட். வரலாறு படித்தவர் சமூக அறிவியல் ஆசிரியராகலாம், தமிழ் படித்தவர் தமிழாசிரியர். பொருளாதாரம் படித்தவர் பி.ஏ.வோடு நின்றால் பி.எட். கிடைக்காது, எம்.ஏ.வும் முடிக்க வேண்டும். அல்லைடாகப் படித்ததை வைத்துக்கொண்டு "நானும் இந்தப் பாடம் படிச்சிருக்கேன்" என்று போய் நின்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அப்புறம் தமிழ் வழியா, ஆங்கில வழியா என்பது. கவுன்சிலிங் மேசையில் அரை நிமிடத்தில் முடிவு செய்கிற விஷயம் இது. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீதம் முன்னுரிமை என்று 2010-ல் சட்டம் வந்தது. 2020-ல் அதைத் திருத்தி, டிகிரி மட்டும் போதாது, பள்ளியிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும் என்று ஆக்கினார்கள். இவள் ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ் வழி. கல்லூரியில் மட்டும் 'இங்கிலீஷ் மீடியம் கெத்து' என்று மாறியிருந்தால் டிகிரி கேட்கும் வேலைகளுக்கு அந்தப் பன்னிரண்டு வருடமும் கணக்கில் வராமல் போயிருக்கும். நல்லவேளை, அக்கா என்னைக் கேட்டுவிட்டுத்தான் ஃபாரத்தில் டிக் அடித்தாள். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாயும் வரப்போகிறது, ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்பதால். அதை என்ன செய்வது என்பதற்கு அவளிடம் ஏற்கெனவே திட்டம் இருக்கிறது, புத்தகம் அதில் இல்லை.

"சும்மா பி.ஏ.தானே" என்று பக்கத்து வீட்டு அத்தை கேட்டதை அக்கா வருத்தத்தோடு சொன்னாள். இன்ஜினியரிங் சீட்டைப் பற்றி மூன்று மாதம் முன்னாலிருந்து கட் ஆஃப் கணக்குப் போடுகிற ஊர் இது, பி.ஏ.வுக்கு எத்தனை தாள், எத்தனை கிரெடிட், எங்கே 30, எங்கே 40 என்று யாரும் ஒரு நாள் உட்கார்ந்து பேசுவதில்லை. சும்மா படிப்பு என்று நினைப்பதால்தான் சும்மா விழுகிறோம். என் வகுப்பில் விழுந்தவர்களில் பாடம் புரியாமல் விழுந்தவர்கள் ரொம்பக் குறைவு. ஃபீஸ் கட்டக் கடைசித் தேதியை விட்டவன், ஹால் டிக்கெட்டில் காலையா மதியமா என்று பார்க்காமல் மதியம் வந்து நின்றவள், கேள்வி எண்ணை மாற்றிப் போட்டவன், சுற்றுச்சூழலை மறந்தவன், பிரெஞ்சுப் புரட்சியைக் காதலித்தவன் என்று இப்படித்தான் இருந்தோம்.

சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது மார்க் ஷீட்டை செல்போனில் படம் எடுத்துக்கொண்டாள். நேற்று வாட்ஸப்பில் அதே படத்தைத் திருப்பி அனுப்பியிருந்தாள். அந்த நவம்பரைச் சுற்றி சிவப்பில் ஒரு வட்டம், பக்கத்தில் '25 நிமிடம்' என்று எழுதி. கீழே ஒரு கேள்வி: "மாமா, அந்தப் பதினோரு பக்கத்தோட ஜெராக்ஸ் இன்னும் இருக்கா? எங்களுக்கும் ஐரோப்பிய வரலாறு இருக்காம். சுருக்கி எழுதிக்கிறேன்."

இருக்கிறது. அதே ஃபைலில், டி.சி.க்கு அடியில்.